வெறும் வயிறு என்றால் எத்தனை மணி நேரம்?

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்புகள் விடியும் முன்பே மலையேறத் தொடங்கிவிடும். கம்பமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரை, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். கையில் தூக்குவாளி. கிளம்பும்போது வீட்டில் ஒரு வரக்காப்பி, தோட்டத்தில் இறங்கியதும் ஒரு கட்டன் சாயா. இப்படிப்பட்ட ஒருவரிடம் டாக்டர் ஒரு சீட்டைக் கொடுத்து, "வெறும் வயித்துல ரத்தம் குடுத்துட்டு ரிசல்ட்டோட வாங்க" என்கிறார். லேப் திறக்கும் நேரத்துக்கு ஜீப் மலை ஏறியிருக்கும். ஜீப்பை விட்டால் அன்றைய கூலி போச்சு.

அதனால் ஆளுக்கொரு வழி கண்டுபிடிக்கிறார்கள். ஒருவர் காப்பி மட்டும்தானே என்று குடித்துவிட்டுப் போகிறார். இன்னொருவர் மதியச் சோற்றைத் தொடாமல் வைத்திருந்து, மாலையில் மலை இறங்கியதும் ரத்தம் கொடுக்கிறார். மூன்றாமவர் முதல் நாள் மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார். மூன்று பேர் கொண்டுவரும் எண்ணும் டாக்டர் கேட்ட எண் அல்ல.

சர்க்கரைப் பரிசோதனையில் வெறும் வயிறு என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே கணக்குதான்: கலோரி உள்ள எதுவும் உள்ளே போகாமல் குறைந்தது 8 மணி நேரம். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டு முடித்து, காலை 7 மணிக்கு ரத்தம் கொடுத்தால் 10 மணி நேரம் ஆகிறது. அது போதும்.

இந்த 8 மணி நேரம் ஏன்? சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை, நோயில்லாதவருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அதன்பிறகு இரவு முழுக்க ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுப்பது கல்லீரல். சேர்த்து வைத்ததை அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது இன்சுலின். அந்தக் கட்டுப்பாடு ஒழுங்காக நடக்கிறதா என்பதைத்தான் காலை ரத்தம் காட்டுகிறது. 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126ஓ அதற்கு மேலோ, இன்னொரு முறை பார்த்தும் வந்தால் நீரிழிவு.

சர்க்கரையும் பாலும் சேர்ந்த காப்பி ஒரு வாய் போனாலும் நோன்பு கலைந்ததுதான். சர்க்கரை போடாத கட்டன் சாயாவில் கலோரி இல்லையென்றாலும், அதிலுள்ள காஃபீன் சிலருக்குச் சர்க்கரையைச் சற்று ஏற்றிவிடும். அதனால் அதுவும் வேண்டாம். பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு ஆகியவற்றையும் ரத்தம் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரை மட்டும் யாரும் நிறுத்தத் தேவையில்லை. தண்ணீர் குடிக்காமல் வருகிறவருக்கு நரம்பைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். யூரியா அளவும் கூடுதலாகத் தெரியக்கூடும்.

மாத்திரை விஷயத்தில் கவனம் வேண்டும். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் வெறும் வயிற்றில் எடுத்துக்கொண்டு லேப் வரிசையில் நிற்பது ஆபத்து. சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரலாம். ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டோடு எடுத்துக்கொள்வதே வழக்கம். பிரஷர் மாத்திரையைப் பொதுவாகத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வரலாம். தைராய்டு பார்ப்பவர்கள் அன்றைய தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பின் போடுவது நல்லது. எதுவானாலும் சீட்டு எழுதும் டாக்டரிடமே கேட்டுவிட வேண்டும்.

மதியம் பட்டினி கிடந்து மாலையில் வருகிறவரின் கதை வேறு. மணிக்கணக்கு சரியாக இருந்தாலும் பொழுது சரியில்லை. விடியற்காலையில் உடம்பு விழித்தெழத் தயாராகும்போது சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றுகின்றன. பகல் போகப் போக அது தணிகிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களின் பரிசோதனை முடிவுகளை ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், காலையில் பட்டினியோடு வந்தவர்களைவிட மதியத்துக்குமேல் பட்டினியோடு வந்தவர்களின் சராசரி 5 மில்லிகிராம் அளவுக்குக் குறைவாக இருந்தது. 126 என்ற கோடு காலை ரத்தத்தை வைத்துப் போடப்பட்டது. மாலையில் பார்த்தால் நீரிழிவு உள்ள சிலர் கோட்டுக்குக் கீழே நழுவிவிடுவார்கள்.

முதல் நாள் மதியத்தோடு நிறுத்தியவருக்கும் லாபமில்லை. 14 மணி நேரத்துக்கு மேல் நீளும் பட்டினியில் உடம்பு கொழுப்பை மேலும் மேலும் எடுத்து எரிக்கிறது. அப்போது வரும் எண்கள் அன்றாட வாழ்க்கையின் எண்கள் அல்ல.

பட்டினியே வேண்டாம் என்று ஒரு பரிசோதனையை மாற்றியமைத்த கதை தமிழ்நாட்டுக்கே உரியது. கர்ப்ப காலச் சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்க, பெண்கள் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்து, குளுக்கோஸ் தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி கொடுப்பது உலக நடைமுறை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பஸ் பிடித்து வரும் கர்ப்பிணியிடம், "சாப்பிட்டுட்டீங்களா? நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று சொன்னால் பலர் திரும்பி வருவதேயில்லை. மசக்கையில் இருக்கும் பெண்ணைப் பட்டினி போடுவதும் எளிதல்ல.

சென்னையின் மூத்த நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யா இதற்கு மாற்று சொன்னார். கடைசியாக எப்போது சாப்பிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பது. 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை என்று கொண்டு சிகிச்சை தொடங்குவது. சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் சரியாக உள்ள பெண்ணின் உடம்பு, முன்பு சாப்பிட்டதையும் சேர்த்தே சமாளித்துவிடும் என்பது அவர் வாதம். தமிழ்நாட்டில் அவர் குழு 12,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்தபோது நகரத்தில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை என்று தமிழ்நாடு அரசு 2007இல் ஆணையிட்டது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே முறையை எடுத்துக்கொண்டது. சேஷய்யாவுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எல்லோரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. சென்னையிலேயே நீரிழிவு ஆய்வாளர்கள் சிலர், பட்டினியோடு செய்யும் முறையையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்து, இதில் நோயுள்ள பலர் தப்பிவிடுகிறார்கள் என்று 2014இல் எழுதினார்கள். மறுபக்கத்து பதில் எளியது: பட்டினியோடு வரச் சொன்னால் பரிசோதனைக்கே வராமல் தப்பிவிடுகிறவர்கள் எத்தனை பேர்? அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

கொலஸ்ட்ராலிலும் விதி தளர்ந்திருக்கிறது. 12 மணி நேரப் பட்டினி என்ற பழைய சட்டத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லைப் பல லேப்களில் நேரடியாக அளப்பதில்லை. 1972இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரப்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து நல்ல கொழுப்பையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள். சாப்பிட்ட பின் ஏறுவது ட்ரைகிளிசரைடுதான். அது ஏறினால் கணக்கு கெடும். ஆனால் சாதாரணச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரும்பாலோருக்கு இந்த மாற்றம் சிறியது என்று தெரியவந்ததும், டென்மார்க் 2009இலேயே பட்டினியை விட்டுவிட்டது. 2016இல் ஐரோப்பிய வல்லுநர்கள் கூடி, வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை என்று அறிவித்தார்கள். ட்ரைகிளிசரைடு 440 மில்லிகிராமைத் தாண்டினால் மட்டும் பட்டினியோடு மறுபடி பார்க்க வேண்டும். நம் ஊர் லேப்கள் பலவற்றில் 10 முதல் 12 மணி நேரம் என்ற பழக்கம் தொடர்கிறது. டாக்டர் அப்படிக் கேட்டிருந்தால் அப்படியே கொடுப்பதுதான் சரி.

பட்டினி சம்பந்தமே இல்லாத பரிசோதனைகளும் நிறைய. ஹீமோகுளோபின், ரத்த அணுக்கள், தைராய்டு, கிரியேட்டினின் எதற்கும் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். கிரியேட்டினினுக்கு ஒன்று மட்டும்: முதல் நாள் இரவு மாட்டிறைச்சி வறுவலை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தால், சமைத்த இறைச்சியிலிருந்தே கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் பழுதோ என்ற பயத்தைக் கிளப்பிவிடும்.

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி.க்கும் பட்டினி வேண்டாம். ஜீப்பைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் அது சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன என்ற நம்பிக்கையில் நிற்கும் பரிசோதனை. பாலக்காடு மாவட்டத்தில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய அட்டப்பாடிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. அந்த நோயில் சிவப்பணு சில வாரங்களுக்குள்ளேயே அழிந்துவிடுவதால், சர்க்கரை அதிகமிருந்தும் சராசரி குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையிலோ நேர்மாறாகக் கூடுதலாகக் காட்டலாம். இவர்களுக்குப் பழைய வெறும் வயிற்று ரத்தமே நம்பகமானது.

மலைப்பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ரத்தம் குழாய்க்குள் போன பிறகும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். காலையில் 130 இருந்த ரத்தம் சும்மா இரண்டு மணி நேரம் கிடந்தால் 115 அளவுக்கு இறங்கி, நீரிழிவுக்காரர் எல்லைக்கோட்டுக்காரர் ஆகிவிடுவார். சர்க்கரைக்கென்று ஃப்ளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாய் இருப்பது இதற்காகத்தான். அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுமையாகத் தடுப்பதில்லை. எனவே கலெக்ஷன் சென்டரில் கையை நீட்டும் முன் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: சர்க்கரையை இங்கேயே பார்க்கிறீர்களா, மலைக்குக் கீழே உள்ள லேபுக்கு அனுப்புகிறீர்களா? அனுப்பினால் அணுக்களைப் பிரித்தெடுத்துவிட்டு அனுப்புகிறீர்களா, அப்படியே அனுப்புகிறீர்களா? பதில் திருப்தியாக இல்லையென்றால், சர்க்கரைக்கு மட்டும் அங்கேயே மெஷின் வைத்திருக்கும் லேபுக்குப் போவது நல்லது.