நம்பர் பிளேட்டில் இரண்டு சொற்கள்

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில், இரவு நேரத்தில், ஒரு காருக்குப் பின்னால் போய்க்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் காரின் உடம்பெல்லாம் இருட்டு. நம்பர் பிளேட் மட்டும் பளீரென்று தெரிகிறது. எண்ணோடு சேர்ந்து இரண்டு சொற்களும் கண்ணில் படுகின்றன: ‘உமன் வெட்டரன்’. ராணுவத்தில் பணியாற்றிய ஒரு பெண்ணின் கார் அது.

அந்தத் தகட்டுக்கு இவ்வளவு ஒளி எங்கிருந்து வந்தது? உங்கள் வண்டியின் முகப்பு விளக்கிலிருந்துதான். அலுமினியத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிலிமுக்குள் லட்சக்கணக்கான கண்ணாடி மணிகள் புதைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ரவையை விடப் பொடி. சுவரில் பட்ட ஒளி நாலாபுறமும் சிதறும். நிலைக்கண்ணாடியில் சாய்வாகப் பட்ட ஒளி மறுபக்கம் தெறித்துப் போகும். இந்த மணியில் பட்ட ஒளி மட்டும் வந்த வழியே திரும்புகிறது. மணிக்குள் நுழையும்போது ஒளி வளைகிறது. வளைந்து பின்பக்கச் சுவரில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. அங்கே பூசியிருக்கும் உலோகப் படலத்தில் மோதித் திரும்புகிறது. வெளியேறும்போது இன்னொரு முறை வளைந்து, வந்த திசையையே பிடித்துக்கொள்கிறது. சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 அளவில் இருப்பதால், அதில் செய்த மணி ஒளியைத் தனக்குப் பின்னால் தள்ளித்தான் குவிக்கும். எண் 2-ஐ நெருங்கும்படி கண்ணாடியின் சேர்மானத்தை மாற்றினால், குவியும் இடம் மணியின் முதுகிலேயே வந்து விழும். இருட்டில் பூனையின் கண் மின்னுவதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான்.

திரும்பும் ஒளி மிகக் குறுகிய கூம்பாக வருகிறது. முகப்பு விளக்குக்குச் சற்று மேலே இருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு அது நன்றாகக் கிடைக்கிறது. அதே நேரத்தில் சாலையோரத்தில் நிற்பவர் பார்த்தால் பிளேட் மங்கலாகத்தான் இருக்கும். யார் விளக்கோடு வருகிறாரோ, அவர் கண்ணுக்கே அது எரிகிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

போலீஸ் கேமராக்களும் இந்த ஒளியை நம்பித்தான் எண்ணைப் படிக்கின்றன. அவை வீசும் அகச்சிவப்புக் கதிரைப் பின்புலம் திருப்பியனுப்ப வேண்டும், எழுத்துகள் கறுத்து நிற்க வேண்டும். எண்ணுக்குப் பின்னால் கொடியோ கழுகோ படர்ந்துவிட்டால் கேமராவுக்கு 8-க்கும் ‘பி’க்கும் வேறுபாடு குழம்பும். 1950-களின் நடுவிலிருந்து அமெரிக்க பிளேட்டின் அளவு 6 அங்குலத்துக்கு 12 அங்குலம் என்று நிலைத்துவிட்டது. எண் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது ஒரு சின்னத்துக்கும் ஓரிரு சொற்களுக்கும் இடம்.

அந்தச் சிறிய இடத்தில் ‘பெண்’ என்ற சொல் எதற்கு? முன்னாள் படைவீரர்களுக்கான பிளேட் ஏற்கெனவே உண்டே!

தமிழில் வீரர், வீராங்கனை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறோம். ‘வெட்டரன்’ என்ற ஆங்கிலச் சொல் பால் காட்டாது. ஆனால் படிப்பவர் மனம் உடனே ஒரு ஆணைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த பிளேட் உள்ள காரிலிருந்து இறங்கும் பெண்ணிடம், “உங்கள் கணவர் எந்தப் படையில் இருந்தார்?” என்று கேட்பவர்கள் அங்கே ஏராளம். ஆப்கானிஸ்தானிலோ ஈராக்கிலோ பணியாற்றித் திரும்பியவர், கடை வாசலில் நின்று தன் பணியை விளக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட பெண்கள் சுமார் 20 லட்சம் பேர். டெக்ஸஸ், புளோரிடா போன்ற மாநிலங்கள் தனி பிளேட் கொடுக்கத் தொடங்கியதன் பின்னணி இதுதான்.

பம்பரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதே என் எண்ணம். ஸ்டிக்கர் வண்டிக்காரரின் பேச்சு. பிளேட்டோ அரசின் பேச்சு. 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதையே தீர்ப்பாகச் சொன்னது. அந்த வழக்கும் டெக்ஸஸில்தான் பிறந்தது. உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடியைத் தாங்கிய பிளேட்டை ஓர் அமைப்பு கேட்டது, மாநிலம் மறுத்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் மாநிலத்தின் பக்கம் நின்றார்கள். பிளேட்டில் இருப்பது அரசின் சொல், எதைச் சொல்வது என்பது அரசின் முடிவு என்றார்கள். அப்படியானால் ‘உமன் வெட்டரன்’ என்பதும் அரசு தன் வாயால் சொல்லும் சொல்.

அந்தச் சொல்லுக்காக எத்தனை காலம் காத்திருக்க முடியும் என்பதற்கு அதே டெக்ஸஸில் ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்வீட்வாட்டர் என்ற ஊரின் அவெஞ்சர் ஃபீல்டில், இரண்டாம் உலகப் போரின்போது பெண்கள் ராணுவ விமானம் ஓட்டப் பயிற்சி பெற்றார்கள். ‘வாஸ்ப்’ என்று பெயர் பெற்ற அந்தப் படையில் சேர 25,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். தேறியவர்கள் 1,074 பேர். தொழிற்சாலையிலிருந்து புது விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பீரங்கிக்காரர்கள் பழகுவதற்காக வாலில் துணி இலக்கைக் கட்டி இழுத்துப் பறந்தார்கள். அதை நோக்கிக் கீழிருந்து சுட்டவை நிஜக் குண்டுகள். பயிற்சியிலும் பணியிலும் 38 பேர் இறந்தார்கள். ஆனால் சட்டப்படி அவர்கள் சிவிலியன் ஊழியர்கள். சவப்பெட்டியின் மேல் கொடி போர்த்தும் உரிமை இல்லை. உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகளே பணம் சேர்த்த நாட்கள் உண்டு. 1944 டிசம்பரில் படை கலைக்கப்பட்டது. ஊருக்குப் போகும் செலவும் அவரவர் தலையில்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, இனி முதன்முறையாகப் பெண்கள் ராணுவ விமானம் ஓட்டப்போகிறார்கள் என்ற செய்தி வெளியானபோது, வயதேறிய அந்தப் பெண்கள் பொறுக்கமாட்டாமல் வாஷிங்டனுக்குத் திரண்டார்கள். அவர்கள் முன்வைத்த சான்றுகளில் ஒன்று, ஒரு பெண் விமானிக்குக் கொடுக்கப்பட்டிருந்த பணிவிடுப்புத் தாள். அதில் அவர் ராணுவத்தில் பணியாற்றியவர் என்றே அச்சாகியிருந்தது. அவர்களையும் முன்னாள் படைவீரர்களாக ஏற்க வழிசெய்யும் சட்டம் 1977-இல் வந்தது.

இன்று டெக்ஸஸில் இந்த பிளேட்டைக் கேட்கும் பெண் தன் ராணுவப் பணிக்கான ஆவணத்தைக் காட்ட வேண்டும். ஸ்வீட்வாட்டரில் பறக்கக் கற்றவர்களுக்கு அந்த ஆவணம் முறைப்படி கைக்கு வரத் தொடங்கியது 1979-இல். அப்போது போர் முடிந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.