மண்பானைப் பாசனம்

சென்னையை அடுத்த தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் முதலிய ஊர்களில் வீடு கட்டிக்கொண்டு, வாசலில் நாலு பூச்செடியும் கொல்லையில் ஒரு காய்கறிப் பாத்தியும் போட ஆசைப்படுகிறவர்களில் பலர், மண்வெட்டி ஒரு சாண் இறங்குவதற்குள் சரளைக்கல்லில் மோதி ஒலிப்பதைக் கேட்டிருப்பார்கள். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் இப்பிரதேசத்தை வறண்ட பூமி என்று சொல்லலாகாதுதான். ஆனால் அம்மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிட, தை பிறந்தபின் வைகாசி வரையில் நல்ல மழையைக் காண்பது அரிதாகிவிடுகிறது.

இந்தச் சிரமத்தை இங்குள்ள காடு எப்படிச் சமாளிக்கிறது என்பதை, 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி குடியேறிய சேலையூர் வனத்தில் இன்றும் காணலாம். ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய துணைவியார் ஆலிஸும் அங்கே பல மரங்களை நட்டு வளர்த்தார்கள். அவற்றுக்கிடையே தாமாகவே செழித்து நிற்கும் களாவும் காசானும், தடித்துப் பளபளக்கும் இலைகளால் தம் ஈரத்தைச் சிக்கனமாகக் காத்துக்கொள்கின்றன. ஆனால் கத்திரிக்கும் வெண்டைக்கும் அந்தச் சக்தி கிடையாது. அவற்றுக்கு நாம்தான் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும்.

அதற்கு உகந்த சாதனம் குயவர் சூளையில் வெந்த சாதாரண மண்பானையே. கோடையில் குடிநீர்ப் பானை வெளியே வியர்ப்பதை நாம் அறிவோம். பானைச் சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளின் வழியே, மண்ணில் புதைத்த பானையின் நீரும் வெளியே கசிகிறது. சுற்றிலுமுள்ள மண் காய்ந்திருக்குமானால் அது நீரை வேகமாக ஈர்க்கும்; போதிய ஈரம் ஏறியதும் ஈர்ப்பு தணிந்து கசிவும் குறைந்துவிடும். ஆகவே, செடிக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பதை மண்ணே தீர்மானித்துக்கொள்கிறது. மேலே ஊற்றும் நீர் வெயிலில் ஆவியாவதுபோல் இது வீணாவதில்லை. வேர்களும் ஈரத்தைத் தேடி வந்து பானையைத் தழுவிக்கொள்கின்றன. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, ஃபான் ஷெங்சி என்ற சீன அறிஞர் தம் வேளாண்மை நூலில் இம்முறையை வர்ணித்திருக்கிறார்.

ஐந்தாறு லிட்டர் கொள்ளும், வாய் குறுகிய, மெருகு பூசாத பானையாகப் பார்த்து வாங்கி, நீர் நிரப்பி, அதன் சுவர் வியர்க்கிறதா என்று சோதியுங்கள். பானையைப்போல் இருமடங்கு அகலமுள்ள குழி தோண்டி, சரளையைப் பொறுக்கிவிட்டு, தொழு உரம் கலந்த மண்ணைச் சுற்றிலும் இட்டு, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி பானையைப் புதைத்து, ஒரு சாண் தூரத்துக்குள் விதையையோ நாற்றையோ ஊன்றுங்கள். கொசு முட்டையிடாதபடி வாயை இறுக மூடிவிட்டு, காய்ந்த சருகுகளை மூடாக்காகப் பரப்பிவிட்டால், இரண்டு மூன்று நாளைக்கொருமுறை நிரப்புவதே வேலை. உப்பு நீரை ஊற்றினால் துளைகள் நாளடைவில் அடைபடும்; அப்போது பானையை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவவேண்டும்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு காத்து நின்ற நாட்களைச் சென்னைவாசிகள் மறந்திருக்க நியாயமில்லை. அத்தகைய காலத்தில் தோட்டத்தைக் கைவிடுவது ஒன்றே வழியென்று எண்ணாதீர்கள். பங்குனி வெயில் முற்றுவதற்குள் ஒரு செடியின் அருகில் ஒரு பானையையாவது புதைத்து வையுங்கள்.