690 ஸ்டிச்சில் ஓர் அம்மோனைட்

போன வருஷம் ஒரு கைவினைக் கண்காட்சியில உள்ளங்கை அளவு ஊல் கரடி ஒன்னு 350 ரூபாய்னு சொன்னாங்க. "150-க்குத் தருவீங்களா அக்கா?"ன்னு கேட்டேன். அந்த அக்கா சிரிச்சுட்டு கரடியைத் திரும்ப அதோட இடத்துலயே வெச்சுட்டாங்க. செமஸ்டர் லீவுல நானே ஒரு குரோஷா ஊசி வாங்கி உட்கார்ந்தேன். பந்து பின்னப் பார்த்தேன்; வந்தது தொப்பி. ஏன்னு புரிய மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாள் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

இந்த மாதிரி குட்டிப் பொம்மைகளுக்கு ஜப்பான்காரங்க வெச்ச பேர் அமிகுருமி. பின்னலுக்கான சொல்லையும் பஞ்சு பொம்மைக்கான சொல்லையும் சேர்த்து உருவான பேர். இதுக்குத் தெரிய வேண்டியது நாலே விஷயம்: மேஜிக் ரிங், சிங்கிள் குரோஷே, கூட்டுறது, குறைக்கிறது. ஒரே ஸ்டிச்சுல ரெண்டு போட்டா கூட்டல். ரெண்டு ஸ்டிச்சை ஒன்னாச் சேர்த்தா குறைத்தல்.

மீதி எல்லாம் கணக்குதான். வட்டத்தோட ஆரம் 1 கூடினா சுற்றளவு 2π, அதாவது சுமார் 6.28 கூடும். சிங்கிள் குரோஷே ஸ்டிச்சோட உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்னு. அதனாலதான் சுற்றுக்கு 6 ஸ்டிச் கூட்டினா (6, 12, 18...) தட்டு மாதிரி படியும். கூட்டாம போனா குழாய். குறைச்சா மூடிக்கும். அளவுக்கு மேல கூட்டினா ஓரம் கீரை இலை மாதிரி சுருங்கிச் சுருங்கி நிக்கும். இதை வெச்சுத்தான் 1997-ல டைனா தைமினாங்கிற கணிதப் பேராசிரியர் ஹைப்பர்போலிக் தளத்தையே குரோஷேயில செஞ்சு காட்டினாங்க. என் பந்து தொப்பியானதுக்குக் காரணம், எண்ணிக்கை தவறி, குறைக்க வேண்டிய சுற்றை விட்டதுதான்.

முதல் பொம்மையா கரடி வேண்டாம். கை, கால், காதுன்னு தனித்தனியா பின்னித் தைக்கிறதுலயே வெறுத்துடும். நம்ம ஊர்ப் பிராணி ஒன்னு இருக்கு: அம்மோனைட். இந்தப் பகுதி கடலா இருந்த காலத்துல வாழ்ந்து, சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி அழிஞ்சுபோன கணவாயின் உறவு. அதோட சுருள் ஓடு காரை, அரியலூர் பக்கம் கல்லாக் கிடைக்குது. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துல பார்க்கலாம். நமக்கு அது ஒரு முனை குறுகின குழாய், அவ்வளவுதான்.

தேவையானது: நடுத்தர தடிமன் அக்ரிலிக் ஊல், 3 மி.மீ. ஊசி, ஒரு ஊக்கு, ஃபைபர் பஞ்சு. ஊல் லேபிள்ல போட்டிருக்கிறதைவிடச் சின்ன ஊசியா எடுங்க. அப்பத்தான் ஓட்டை வழியா பஞ்சு எட்டிப் பார்க்காது. தலையணை இலவம்பஞ்சு வேண்டாம், நனைஞ்சா கட்டியாகிடும்.

மேஜிக் ரிங்ல 6 ஸ்டிச். அந்த 6-லயே 8 சுற்று. அப்புறம் ஒவ்வொரு 8 சுற்றுக்கும் ஒருமுறை 2 ஸ்டிச் கூட்டுங்க: 8, 10, 12, 14, 16, 18. போகப் போகப் பஞ்சை லேசா அடைச்சுக்கிட்டே வாங்க. கடைசியில அடைச்சா நுனிக்குப் போகாது. 18-லயும் 8 சுற்று முடிஞ்சதும் அடுத்த சுற்றுல 12, அதுக்கடுத்து 6-ன்னு குறைச்சு முடிச்சுப் போடுங்க. நுனியில இருந்து சுருட்டி, மிச்ச நூலால அங்கங்க தைச்சா அம்மோனைட் ரெடி. பட்டன் கண் கிடையாது. அதனால அக்கா குழந்தை வாயில வெச்சாலும் கழண்டு தொண்டையில சிக்குமோங்கிற பயம் இல்ல.

ரெண்டு எச்சரிக்கை. சுற்று சுருளாவே போகும், முடிவு தெரியாது. ஒவ்வொரு சுற்றோட முதல் ஸ்டிச்சுலயும் ஊக்கை மாத்திக் குத்துங்க. இன்னொன்னு, அமெரிக்க வீடியோவுல சிங்கிள் குரோஷேன்னு சொல்றதைத்தான் பிரிட்டிஷ் பேட்டர்ன்ல டபுள் குரோஷேன்னு எழுதுவாங்க. பேட்டர்ன் எந்த ஊர்னு பார்த்துட்டு ஆரம்பிங்க. தப்பு வந்தா பயப்படாதீங்க. ஊசியில எப்பவும் ஒரே ஒரு கண்ணிதான் இருக்கும். அதை உருவி நூலை இழுத்தா தப்பு வரைக்கும் பிரியும். நூல் வீணாகாது.

இப்ப அந்த 350 ரூபாய்க்கு வரலாம். மேல சொன்ன அம்மோனைட்டுக்கு மொத்தம் 690 ஸ்டிச். ஒன்னுக்கு 10 செகண்டுன்னாலும் கிட்டத்தட்ட 2 மணி நேரம். பனியன் துணியைப் பின்ன திருப்பூர்ல மெஷின் இருக்கு. குரோஷே பொம்மை இன்னும் கையாலதான் வருது. 2016 ஜனவரியில சென்னையில மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு 11,000 சதுர மீட்டருக்கு மேல போர்வை காட்டி கின்னஸ் சாதனை செஞ்சாங்களே, அதுலயும் ஒவ்வொரு ஸ்டிச்சும் ஒருத்தர் கையில உருவானதுதான்.

கரடின்னா தலை, உடம்பு, நாலு கால், காது, தையல். நான் அதை முடிக்க 9 மணி நேரம் ஆச்சு. 350-ஐ 9-ஆல வகுத்துப் பாருங்க. ஊல் காசை இன்னும் கழிக்கவே இல்ல. அந்த அக்கா ஏன் பேசாம சிரிச்சாங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அடுத்த கண்காட்சியில அவங்களைப் பார்த்தா சொன்ன விலைக்கே வாங்கணும்.