உயிரணுவின் மதகு

மன்னார்குடியைச் சூழ்ந்த வயல்களில் குறுவையும் சம்பாவுமாக விளைந்து வீடு வந்து சேரும் நெல், சோறாகி இலையில் விழுந்து வயிற்றை அடைந்ததும், குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாகப் பிரிந்து இரத்தத்தில் கலக்கத் தொடங்குகிறது. அரிசியின் மாவுச்சத்து என்பதே குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டதுதான். ஆனால் தசைக்கு அது பயன்படுவதற்கு முன் ஒரு தடை உண்டு. ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்க, நீரில் கரையும் சுபாவமுடைய சர்க்கரை அதை ஊடுருவ இயலாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு வழிவிடுவதற்கென்றே சவ்வில் பதியும் புரதங்கள் இருக்கின்றன. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் அவற்றுள் பிரதானமானது குளுட்-4.

பாமணியாற்றுப் பாசனத்து மதகுக்கு அதை ஒப்பிடலாம். எனினும் கரையில் கட்டிய மதகு இடம் பெயர்வதில்லை. உயிரணுவோ தன் மதகுகளைச் சிறு பைகளில் அடைத்து உள்ளே வைத்திருந்து, உத்தரவு வந்த பிறகே பெருமளவில் கரைக்குக் கொண்டுவந்து பொருத்துகிறது. அந்த உத்தரவுதான் இன்சுலின்.

கணையத்தில் பிறக்கும் இன்சுலின், 21-ம் 30-மாக 51 அமினோ அமிலங்களைக் கொண்ட இரு சங்கிலிகள் கந்தகப் பிணைப்புகளால் இணைந்த சிறு புரதம். அவ்வமிலங்களின் வரிசையைக் கண்டறிந்த பிரெடெரிக் சாங்கர் 1958-ல் நோபல் பரிசு பெற்றார். 1935-லேயே இன்சுலின் படிகத்தின் எக்ஸ்-கதிர்ப் படத்தை வெளியிட்ட டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார், அதன் முப்பரிமாண உருவத்தை 1969-ல்தான் உலகுக்குக் காட்ட முடிந்தது. அவருடைய குழுவில் எம். விஜயன் என்ற இந்தியரும் இருந்தார்.

சேதி சொல்ல இன்சுலின் உயிரணுவுக்குள் நுழைய வேண்டியதில்லை. சவ்வின் வெளியே தலை நீட்டி உள்ளே கால் பதித்திருக்கும் ஏற்பிப் புரதம், ஒன்றையொன்று ஒத்த இரு பாதிகளால் ஆனது; இன்சுலின் வந்து தலையில் ஒட்டியதும், விலகி நின்ற கால்கள் நெருங்கி, உட்புறமுள்ள பகுதிகள் ஒன்றன்மீதொன்று பாஸ்பேட் தொகுதியைச் சூட்டுகின்றன. அதுவரை ஏற்பியின் வேலைத்தலத்தை அடைத்துக்கொண்டிருந்த அதன் புரதவளையம் அதனால் விலக, ஏற்பி கிரியை புரியத் தொடங்குகிறது. அதன் பிறகு ஒரு புரதம் அடுத்ததை எழுப்பிவிட, சேதி ஏ.கே.டி. என்னும் நொதியை எட்டுகிறது. அது பைகளைத் தடுத்து வைத்திருந்த புரதத்தை அடக்க, குளுட்-4 சவ்வுக்கு வந்து சேருகிறது. சவ்வை 12 முறை ஊடுருவி மடிந்திருக்கும் அப்புரதம், மதகைப்போல் இருபுறமும் ஒருங்கே திறப்பதன்று. வெளிப்புறம் திறந்து சர்க்கரையை ஏற்று, அப்பக்கத்தை மூடிய பின்னரே உட்புறம் திறக்கிறது.

இவ்வளவும் உருவத்தின் மாறுதலால் நிகழும் காரியங்கள். புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதை 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் கணித்து வரைபடமாக்கினர். இன்றும் உலகின் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் உருவம் தீர்மானிக்கப்பட்டாலும், ராமச்சந்திரன் வரைபடத்தோடு ஒத்துப் பார்ப்பது வழக்கம்.

இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் இருந்தும் இச்சேதித் தொடர் மந்தப்பட்டு, சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. ஆயினும் இயற்கை வேறொரு மார்க்கமும் வைத்திருக்கிறது: உழைப்பினால் தசை சுருங்கும்போது, இன்சுலினின் உத்தரவை எதிர்பாராமலே குளுட்-4 சவ்வுக்கு வந்துவிடுகிறது. நாற்றுப் பறித்தலும் நடவும் அறுவடையும் கைகளை விட்டு இயந்திரங்களுக்குப் போய்க்கொண்டிருக்கும் நம் நெல் நாட்டில், மருத்துவர் நாள்தோறும் நடக்கச் சொல்வதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.