மாத்திரைப் பையும் எடைக்குறைப்பு அறுவையும்

மாதக் கடைசியில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மருந்துக்கடையில் நின்று பாருங்கள். "முழு அட்டை வேணாம் தம்பி, பத்து நாளைக்கு மட்டும் வெட்டிக் குடு" என்ற குரல் கேட்காத நாளில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமெப்பிரைடு. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின். பலருக்கு இத்தனைக்கும் வேர் உடல் பருமன்தான். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடையோடு இருக்கிறார்கள். "ஆபரேஷன் செஞ்சா இந்த மாத்திரை எல்லாம் நிக்குமா?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

எடைக்கு முன்பே சர்க்கரை இறங்கும்

எடைக்குறைப்பு அறுவைகளில் ஒன்றான ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் குறைகிறது. இன்சுலினைச் சுரக்கவைக்கும் குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. அதனால் எடை இறங்கத் தொடங்கும் முன்பே, சில நாட்களில் சர்க்கரை இறங்கிவிடலாம். பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிமெப்பிரைடோ தொடர்ந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழும். அளவைக் குறைக்க வேண்டியவர் மருத்துவர்; நாமாக நிறுத்தவும் கூடாது.

பத்து வருடக் கணக்கு

ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். என்ற உடல் பருமன் ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. அறுவை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் 72 சதவீதம் பேருக்கு இரண்டாம் ஆண்டில் நோய் அடங்கியிருந்தது. பத்தாம் ஆண்டில் அது 36 சதவீதம். செய்யாதவர்களில் 13தான். நோய் வந்து சில வருடங்களுக்குள் செய்துகொண்டவர்களுக்கே பலன் அதிகம்.

செலவு? அதே ஆய்வில், முதல் ஆறு ஆண்டுகள் அறுவை செய்துகொண்டவர்கள்தான் மருத்துவமனையில் அதிக நாள் படுத்தார்கள். ஏழாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு வரை மருந்துச் செலவு அவர்களுக்குக் குறைந்தது. போட்ட லட்சங்கள் அடுத்த வருடமே மாத்திரைக் காசில் திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பையில் புதிய அட்டைகள்

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும். இவற்றை விட்டால் ரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் மெல்ல வந்து சேரும். தொழிற்பேட்டையில் நாள் முழுக்க நின்று லேத் ஓட்டுபவர் முட்டிவலிக்குச் சீட்டில்லாமல் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவது இங்கே சகஜம். இரைப்பை பைபாஸ் வகை அறுவைக்குப் பிறகு அது குடலில் புண்ணாக்கும், ரத்தம் கசியவைக்கும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் சரியாக உடலில் சேராமலும் போகலாம்.

காப்பீட்டின் கோடு

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி, இந்த அறுவைக்குக் காப்பீடு கிடைக்க பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 40 இருக்க வேண்டும். அல்லது 35உடன், கட்டுப்படாத சர்க்கரை போன்ற குறிப்பிட்ட நோய் வேண்டும். இந்தியர்களுக்காக 2009இல் மருத்துவர்கள் வகுத்த வரம்போ 37.5, நோய் இருந்தால் 32.5. 160 செ.மீ. உயரமும் 85 கிலோ எடையும் சர்க்கரையும் உள்ள பெண்ணுக்கு மருத்துவர் அறுவையைப் பரிந்துரைக்கலாம். காப்பீட்டுக்கு அவர் ஏறக்குறைய 90 கிலோவைத் தொட வேண்டும்! இந்தக் கோடு மாற வேண்டும்.

மலிவுப் பேக்கேஜைப் பார்த்து மட்டும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவைக்குச் சென்ற இளைஞர் உயிரிழந்தார். அரசு அதன் பதிவை நிறுத்திவைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, இரவில் யார் இருப்பார்கள், அடுத்த வருடமும் இதே குழு பார்க்குமா என்று கேளுங்கள்.

இன்னொன்று. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கம் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம், ஆபரேஷன் ஆன விவரத்தைச் சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள். தெரியாவிட்டால் அவர் பழைய அட்டையையேதான் கொடுத்துவிட்டுப் போவார்.