கடலோரம் ஒரு கலைக்கூடம்

கடற்கரையில் உலவவும் வேண்டும், ஓவியங்களைக் காணவும் வேண்டும் என்று ஒரே நாளில் இரண்டு ஆசைகள் எழுமாயின், சென்னையில் இருப்போர் தெற்கு நோக்கிப் புறப்படலாம். சென்ற மாசித் திங்களில் ஒரு விடியற்காலை, நானும் என் தமக்கை மகனும் நீலாங்கரையில் இறங்கி ஈஞ்சம்பாக்கத்தை நோக்கி மணலில் நடந்தோம். அவன் பள்ளியிறுதி வகுப்பு மாணவன். ஓவியக் கல்லூரியில் சேரவேண்டும் என்பது அவன் பிடிவாதம். "சித்திரம் எழுதினால் சோறு கிடைக்குமா?" என்பது அவன் தந்தையாரின் கேள்வி. விடை சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது.

இடப்புறம் வங்கக் கடல். வலப்புறத்து மணல்மேட்டில் அடும்பங்கொடி ஊதா மலர்களுடன் படர்ந்திருந்தது. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்துக்குரியதாகப் பாடிய கொடி இதுவே. ஆட்டின் குளம்புபோல் இலை நடுவே பிளவுபட்டிருக்கும்; கணுதோறும் வேர்விட்டு, காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தும். கட்டுமரங்கள் இருந்த இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. ஈர மணலில் சிறு நண்டுகள் உருட்டிப் போட்டிருந்த மணல் உருண்டைகள், கோலத்துக்கு இட்ட புள்ளிகளைப்போல் கிடந்தன. பையன் அவற்றை மிதிக்காமல் சுற்றி நடந்தான்.

வெயில் ஏறுவதற்குள் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அடைந்தோம். இதனை 1966-ஆம் ஆண்டில் நிறுவியவர், அப்போது சென்னை அரசு கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர். தம்மிடம் பயின்ற திறமைசாலிகள் வெளியே சென்றதும் பிழைப்புக்காக வேறு வேலைகளில் அமர்ந்து தூரிகையையே மறப்பதை அவர் கண்டு வருந்தினார். பையனின் தந்தையார் கேட்ட அதே கேள்விதான்! பணிக்கர் கண்ட வழி எளியது. ஓவியர்கள் கூடிப் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்பது. அவ்வருவாயில் வயிற்றைக் கவனிப்பது. எஞ்சிய பொழுதில் யாருக்கும் அஞ்சாமல் தமக்குப் பிடித்ததை வரைவது. அவ்வாறு ஈட்டிய பணத்தைக்கொண்டே நிலமும் வாங்கினர். அந்நாளில் இது சவுக்கும் மணலுமான ஒதுக்கிடம்.

சென்னை ஓவிய இயக்கத்துக்கென 2009-இல் இங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கடலருகே வாழ்ந்தவர்கள் கடலையே வரைந்திருப்பார்கள் என்று எண்ணி நுழைந்த நான் ஏமாந்தேன். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில் எழுத்தும், சோதிடக் கட்டங்களை ஒத்த கோடுகளும் நிறைந்திருக்கும். பையன் உதடசைத்து வாசித்துப் பார்த்தான், ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவேண்டியதும் இல்லை. அவை பொருளுக்காக அன்றி வடிவுக்காகவே எழுதப்பட்டவை. மேலைநாட்டாரைப் பின்பற்றி ஒளியையும் நிழலையும் தீட்டுவதை விட்டு, நம் சுவரோவியத்திலும் கோலத்திலும் உள்ள கோட்டையே இவ்வோவியர்கள் பெரிதும் நம்பினர். எல்லாப் படங்களும் என்னைக் கவர்ந்தன என்று சொல்லமாட்டேன். ஆனால், காலையில் கண்ட நண்டுகளின் புள்ளிகள் நினைவுக்கு வந்தன.

திரும்பும்போது, அவன் தந்தையாரிடம் என்ன சொல்வது என்ற எண்ணத்திலேயே நான் நடந்தேன். பையனோ, "மாமா, பாத்திக் துணியில் அந்த மெழுகை எப்படி எடுக்கிறார்கள்?" என்று கேட்டான். உருக்கிய மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது, பிறகு துணியைக் கொதிநீரில் இட்டால் மெழுகு உருகி மிதக்கும் என்றேன். அன்றிரவே அவன் மெழுகுவத்தியையும் பழைய வேட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டான்.