வலி போனால் போதுமா?

கோலார் தங்கவயலில் ஒரு காலத்தில் உடம்பு வலி சம்பளத்தோடு சேர்ந்து வந்த விஷயம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், தாங்க முடியாத வெக்கையில் பாறையைத் துளைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறார்கள். இளைஞர்கள் இப்போது உடம்பை வருத்துவது ஜிம்மிலும், போலீஸ், ராணுவத் தேர்வுக்கான ஓட்டத்திலும். வலித்தால் கைகொடுக்க மருந்துக் கடை மாத்திரை இருக்கிறது.

பழக்கமில்லாத பயிற்சி தரும் வலி மறுநாள்தான் தலைகாட்டும். 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அந்த அமிலம் ஓரிரு மணி நேரத்திலேயே நீங்கிவிடுகிறது. தங்கவயலுக்குச் சிவசமுத்திரம் மின்சாரம் வந்த அதே 1902-ல், அமெரிக்க ஆய்வாளர் தியடோர் ஹஃப் இந்த வலிக்குத் தசைக்குள் ஏற்படும் கிழிசலே காரணம் என்றார். நுண்ணிய சேதமும், அதைச் சரிசெய்ய உடம்பு உண்டாக்கும் அழற்சியும்தான் வலிக்கக் காரணம் என்கிறது இன்றைய மருத்துவம். மேட்டில் ஏறுவதைவிட இறங்குவது அதிகம் வலி தருவதும் இதனால்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. தசை வளரவும் அந்தப் பொருள் உதவுகிறது என்பதுதான் சிக்கல். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவக் கல்வி நிறுவனம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரப் பயிற்சியின்போது தினமும் 1,200 மில்லிகிராம் இபுப்ரோஃபென் சாப்பிட்ட இளைஞர்களின் தசை வளர்ச்சி, மிகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். என்றோ ஒருநாள் போடும் ஒரு மாத்திரையால் இப்படி ஆகிவிடாது. தினசரிப் பழக்கம்தான் ஆபத்து.

வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றுவதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். அந்த நேரத்தில் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் சிறுநீரகம் பழுதாகலாம். கடும் வலி, வீக்கத்தோடு சிறுநீர் கறுத்துப் போனால் தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி தண்ணீர், தூக்கம், வயிறாரச் சாப்பாடு, லேசான நடை, இரண்டு நாள் இடைவெளி ஆகியவையே போதும். சுரங்கத் தொழிலாளி எவ்வளவு வலித்தாலும் மறுநாள் ஷிப்டுக்கு இறங்கியாக வேண்டியிருந்தது. அவருடைய பேரனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.